மோட்டார் பெட்டிக்குள் தகராறு: இயங்குதளத்தையும் மொழியையும் எப்போது மாற்றுவது?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சின்னச் சின்ன மின்னணு போர்டுகள் இப்போது எங்கெங்கோ உட்கார்ந்திருக்கின்றன. போர்வெல் ஸ்டார்டர் பெட்டிக்குள் ஒன்று, தளி, பேரிகைப் பக்கத்து ரோஜா பாலிஹவுஸில் ஒன்று, பாலக்கோட்டுப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பு மனையில் ஒன்று, மாம்பழக்கூழ் ஆலையில் தொட்டி மட்டம் பார்க்க ஒன்று. ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள பட்டறைகளில் கேட்கவே வேண்டாம். இவற்றைச் செய்து கொடுப்பவர்களில் பலர் தனி ஆட்கள், அல்லது இரண்டு மூன்று பேர் சேர்ந்த சிறு கடை. பாகம் வாங்க பெங்களூர் எஸ்பி ரோட்டுக்கு பஸ் ஏறுபவர்கள். இந்தக் குறிப்பு அவர்களுக்காக.

எந்த இயங்குதளம் (கருவியில் வேலைகளைப் பங்கிட்டு நடத்தும் அடிப்படை நிரல்), எந்த நிரல் மொழி என்ற கேள்வியை வேலை தொடங்கும்முன் யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. கையில் எந்த போர்டு இருக்கிறதோ, எந்த மொழி தெரியுமோ அதில் தொடங்கிவிடுகிறோம். கருவியை மாட்டி, வாடிக்கையாளர் போன் செய்த பிறகுதான் கேள்வி வருகிறது. ஆகவே இங்கே புகாரிலிருந்து தொடங்குகிறேன். புகாருக்குக் காரணம் என்ன, நிரலைத் திருத்தினால் போதுமா, இல்லை அடித்தளத்தையே மாற்ற வேண்டுமா என்று பார்ப்போம். பெரும்பாலான புகார்களுக்கு மாற்றம் தேவைப்படாது என்பதுதான் என் கருத்து. தேவைப்படும் இடத்தில் தள்ளிப்போட்டால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அதே தோட்டத்துக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கையில் இருக்கும் தேர்வுகளை ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். இயங்குதளமே இல்லாமல் ஒரே லூப்பில் சுற்றும் சி நிரல், அர்டுயினோ பாணியில். ஃப்ரீஆர்டாஸ், ஸெஃபிர் போன்ற, அவசர வேலையைக் காக்கவைக்காத நிகழ்நேர இயங்குதளத்தின்மேல் சி அல்லது சி++. சிப்பிலேயே ஓடும் மைக்ரோபைத்தான். ராஸ்ப்பெர்ரி பை போன்ற போர்டில் முழு லினக்ஸும் அதன்மேல் பைத்தானோ வேறொன்றோ. தொழிற்சாலைக்குள் என்றால் பிஎல்சியும் (இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினி) அதற்கு நிரல் எழுதும் லேடர் வரைபடமும். ரஸ்ட் மொழி சமீபத்தில் இந்த வரிசையில் சேர்ந்திருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

“மோட்டார் எடுத்தவுடனே போர்டு அணைஞ்சு அணைஞ்சு எரியுதுங்க”

இதைக் கேட்டவுடன் மடிக்கணினியைத் திறக்காதீர்கள். மல்டிமீட்டரை எடுங்கள். கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரம் விடும் பெரிய ரிலே) இழுக்கும் நேரத்தில் போர்டின் 5 வோல்ட் எவ்வளவு சரிகிறது என்று பாருங்கள், முடிந்தால் ஆஸிலோஸ்கோப்பில். மீட்டர் மெதுவானது, நொடிக்கும் குறைந்த சரிவை அது காட்டாது.

வைஃபை வசதியுள்ள ஈஎஸ்பி32 சிப் தரவு அனுப்பும் நொடியில் கணிசமாக மின்னோட்டம் இழுக்கும். அதன் தயாரிப்பாளர் குறைந்தது 500 மில்லிஆம்பியர் தரும் சப்ளையைப் பரிந்துரைக்கிறார். எஸ்ஐஎம்800 வகை 2ஜி மாட்யூல் இன்னும் மோசம். அனுப்பும்போது 2 ஆம்பியர் வரை உச்சம் தொடும். போன் சார்ஜரில் எல்லாவற்றையும் ஓட்டினால் இந்தப் புகார் வந்தே தீரும். கான்டாக்டர் காயில் விடுபடும்போது எழும் உயர் அழுத்த உதைப்பும் சேர்ந்துகொள்ளும். காயிலுக்குக் குறுக்கே ஆர்சி ஸ்னப்பர் (உதைப்பை அடக்கும் ரெசிஸ்டர்-கெபாசிட்டர் ஜோடி), ரிலே பக்கம் ஆப்டோகப்ளர் (இரு பக்கத்தையும் ஒளி வழியாக மட்டும் இணைப்பது), சப்ளையில் பெரிய கெபாசிட்டர், சென்சார் ஒயரை மோட்டார் ஒயரோடு சேர்த்துக் கட்டாமல் விலக்குவது: வேலை இவ்வளவுதான்.

உறுதிப்படுத்த ஒரு வழி இருக்கிறது. ஏறக்குறைய எல்லா சிப்பும் தான் ஏன் மறுதொடக்கம் ஆனது என்று ஒரு ரெஜிஸ்டரில், அதாவது சிப்புக்குள் உள்ள சிறு நினைவிடத்தில், குறித்து வைக்கும். ஈஎஸ்பி32-ல் அதைக் கேட்கத் தனி ஃபங்ஷன் உண்டு. அர்டுயினோ ஊனோவின் ஏடிமெகா328பி சிப்பிலும் அதற்கான ரெஜிஸ்டர் உண்டு, ஆனால் முதலில் ஓடும் பூட்லோடர் நிரல் அதை முந்திக்கொண்டு அழித்துவிடலாம். கருவி தொடங்கும்போதெல்லாம் இந்தக் காரணத்தைப் படித்து எங்காவது சேமியுங்கள். பிரவுன்அவுட் (மின்னழுத்தச் சரிவு) என்று வந்தால் சப்ளை. வாட்ச்டாக் (நிரல் அசையாமல் நின்றால் மறுதொடக்கம் செய்யும் காவல் டைமர்) என்று வந்தால் நிரல் எங்கோ மாட்டிக்கொண்டது. பானிக் என்று வந்தால் பெரும்பாலும் நினைவகத்தில் கை வைக்கக்கூடாத இடத்தில் வைத்திருக்கிறது. இந்த ஒரு எண் இல்லாமல் கீழே உள்ள எதையும் தேடப் போகாதீர்கள். சப்ளை பிரச்சினைக்காக அர்டுயினோவை விட்டு எஸ்டிஎம்32 சிப்புக்கும், சி-யை விட்டு ரஸ்ட்டுக்கும் மாறியவர்கள் இருக்கிறார்கள். புது போர்டும் அதே கான்டாக்டர் சத்தத்துக்கு அதே மாதிரி அணைந்தது.

“கரண்ட் போய் வந்துச்சு, அப்புறம் திறக்கவே மாட்டேங்குது”

ராஸ்ப்பெர்ரி பை வைத்த இடங்களில் வரும் முதன்மைப் புகார் இது. திரை கறுப்பு, அல்லது கோப்பு அமைப்புப் பிழை என்று சில வரிகள் ஓடி நின்றுவிடும்.

காரணம் எஸ்டி கார்டு. லினக்ஸ் சும்மா இருக்கும்போதும் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும்: லாக், தற்காலிகக் கோப்பு, நேரக்குறிப்பு. அந்த நேரத்தில் மின்சாரம் போனால் எழுதிக்கொண்டிருந்த கோப்பு மட்டும் கெடாது. கார்டுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் தரவை இடம் மாற்றி மாற்றி வைப்பதால், சம்பந்தமே இல்லாத பழைய கோப்பும் கெடலாம். லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு அமைப்பில் உள்ள ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டிக் குறிக்கும் பதிவு) அந்த அமைப்பைக் காப்பாற்ற முயலும். கார்டின் உள்வேலையை அதனால் காப்பாற்ற முடியாது. மும்முனை மின்சாரம் நேரம் பார்த்து வந்து போகிற தோட்டத்தில் இது நடக்குமா என்று கேட்க வேண்டியதில்லை. எப்போது என்பதுதான் கேள்வி.

திருத்தம் மூன்று படி. முதலாவது, ராஸ்ப்பெர்ரி பை ஓஎஸ்ஸின் அமைப்புப் பட்டியலில் ஓவர்லே ஃபைல் சிஸ்டம் என்றொரு வசதி இருக்கிறது. அதை இயக்கினால் கார்டு படிக்க மட்டும். எழுதுவதெல்லாம் ரேமில் போய், மறுதொடக்கத்தில் மறைந்துவிடும். சேமித்தே ஆகவேண்டிய தரவுக்குத் தனிப் பார்ட்டிஷனோ, வெளியே அனுப்புவதோ வேண்டும். இரண்டாவது, சின்ன பேட்டரி பேக்கப் வைத்து, மின்சாரம் போனது தெரிந்தவுடன் முறையாக மூடச் சொல்வது. மூன்றாவது, பில்ட்ரூட் அல்லது யோக்டோ என்ற மென்பொருளை வைத்துத் தேவையானதை மட்டும் கொண்ட லினக்ஸைக் கட்டுவது. இது நல்ல வழி, ஆனால் கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும். பத்துக் கருவிக்கு மேல் விற்கப் போகிறீர்கள் என்றால் அந்த உழைப்பு வீண் போகாது.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இங்கே லினக்ஸ் எதற்கு? கேமரா வைத்துத் தக்காளியோ மாம்பழமோ தரம் பிரிக்கிறீர்களா, வேண்டும். பெரிய திரை, தரவுத்தளம், பல இயந்திரத்தின் கணக்கை ஒன்றாக்கும் வேலை, வேண்டும். ஒரு ரிலே, நான்கு சென்சார், ஒரு சிம் கார்டு மட்டும் என்றால் வேண்டவே வேண்டாம். மைக்ரோகன்ட்ரோலர் மின்சாரம் வந்த ஒரு நொடிக்குள் வேலைக்கு வந்துவிடும். லினக்ஸ் எழுந்திருக்கப் பத்து இருபது நொடியாவது ஆகும். அந்த இடைவெளியில் ரிலே எந்த நிலையில் இருக்கும் என்று யாராவது யோசித்தார்களா? பைத்தான் தெரியும் என்பதற்காகத்தான் பையை வைத்தேன் என்றால், மைக்ரோபைத்தான் இருக்கிறது. 2021-ல் வந்த ராஸ்ப்பெர்ரி பை பிக்கோவில் 264 கிலோபைட் ரேம் உண்டு, மைக்ரோபைத்தானுக்குத் தாராளம். எஸ்டி கார்டே கிடையாது.

“ஆறு மணிக்கு ஓடச் சொன்னா ரெண்டு மணிக்கு ஓடுது”

மேலே சொன்னதன் தம்பி. ராஸ்ப்பெர்ரி பை 5-க்கு முந்தைய மாடல்களில் பேட்டரிக் கடிகாரம் இல்லை. 5-ல் கடிகாரம் உண்டு, பேட்டரியை நாம்தான் வாங்கிப் பொருத்த வேண்டும். இணையம் கிடைத்தால் நேரத்தைத் திருத்திக்கொள்ளும். அஞ்செட்டி மலைப்பக்கம் சிக்னல் வராத நாளில், கடைசியாக எழுதி வைத்த நேரத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். ஓவர்லே போட்டிருந்தால் அந்தக் கடைசி நேரமே பழசாகப் போயிருக்கும்.

டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்று போடுங்கள். ஆண்டுக்கு ஓரிரு நிமிடத்துக்குமேல் தவறாது. கடைகளில் கிடைக்கும் நீல மாட்யூலில் ரீசார்ஜ் பேட்டரிக்கான சார்ஜிங் சர்க்யூட் இருக்கும். அதில் சாதாரண சிஆர்2032 போட்டு 5 வோல்ட் கொடுத்தால் பேட்டரி உப்பும். அந்த டயோடையோ ரெசிஸ்டரையோ கழற்றிவிட்டுப் போடுங்கள். நேரம் தெரியவில்லை என்றால் மோட்டாரை ஓட்டாதே என்றொரு வரி நிரலிலும் இருக்கட்டும்.

“ஒன்றரை மாசம் நல்லா ஓடுச்சு, திடீர்னு நின்னு போச்சு”

ஒன்றரை மாதம் என்று கேட்டவுடன் 49.7 நாள் என்று காதில் விழ வேண்டும். கருவி தொடங்கியதிலிருந்து மில்லிசெகண்ட் எண்ணும் அர்டுயினோவின் மில்லிஸ் 32 பிட் எண். 4,294,967,295 மில்லிசெகண்ட் தாண்டியதும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். மைக்ரோசெகண்ட் எண்ணும் மைக்ரோஸ் என்றால் 71 நிமிடத்திலேயே. “இப்போதைய நேரம், நிறுத்த வேண்டிய நேரத்தைவிடப் பெரிதா” என்று ஒப்பிட்டவர்களுக்குத்தான் தகராறு. “இப்போதைய நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழி, அது இடைவெளியைவிடப் பெரிதா” என்று குறியில்லாத எண்ணில் எழுதினால் பூஜ்யத்தைத் தாண்டும்போதும் விடை சரியாகவே வரும். சோதிக்க ஒன்றரை மாதம் காத்திருக்க வேண்டாம். தொடக்கத்திலேயே எண்ணை உச்சத்துக்குப் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்க்கலாம். மொழியை மாற்றத் தேவையில்லை.

சில மணி நேரத்திலோ சில நாளிலோ, ஒவ்வொரு முறையும் வேறு வேறு நேரத்தில் நின்றால் அது வேறு நோய். ஊனோவில் ரேம் 2 கிலோபைட்தான். ஸ்ட்ரிங் வகையில் எஸ்எம்எஸ் செய்தியை ஒட்டி ஒட்டிக் கட்டினால் நினைவகம் துண்டு துண்டாகிவிடும். மொத்தத்தில் இடம் இருந்தும் தொடர்ச்சியாக இடம் கிடைக்காது. நிலையான அளவுள்ள எழுத்து வரிசைக்கு மாறுங்கள். நெட்வொர்க்கில் பாதுகாப்பான இணைப்பும் வேண்டும் என்றால் 2 கிலோபைட்டில் நடக்கிற காரியமே இல்லை. அதற்குப் பல பத்து கிலோபைட் வேண்டும். 520 கிலோபைட் உள்ள ஈஎஸ்பி32-க்குப் போய்விடுங்கள். இது நியாயமான மாற்றம்.

அதே குடும்பத்தில் இன்னொன்று. டைமரை 60 × 1000 என்று எழுதியிருப்பார்கள், நிமிடம் என்று நினைத்து. ஊனோவின் சி-யில் இன்ட் என்ற முழு எண் வகை 16 பிட், உச்சம் 32,767. விடை மைனஸ் 5,536 ஆகி நிற்கும். ஈஎஸ்பி32-ல் இன்ட் 32 பிட் என்பதால் அதே வரி ஒழுங்காக ஓடும். ஈஎஸ்பியில் எழுதியதை ஊனோவுக்குக் கொண்டுவரும்போது இது மாட்டும். அளவு தெளிவாகச் சொல்லும் வகைகளை, அதாவது 16 பிட்டா 32 பிட்டா என்று பெயரிலேயே இருப்பதை, முதல் நாளிலிருந்தே பயன்படுத்துங்கள்.

மோட்டார் ஓடிய நேரத்தை ஒவ்வொரு நொடியும் ஈப்ரமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) எழுதும் நிரலையும் பார்க்கலாம். ஏடிமெகா328பி-யின் ஈப்ரமுக்கு ஓரிடத்தில் ஒரு லட்சம் எழுத்துதான் உத்தரவாதம். நொடிக்கு ஒன்று என்றால் 28 மணி நேரத்தில் கணக்கு முடிந்தது.

“பட்டனை அமுக்கினா கேக்கவே மாட்டேங்குது தம்பி”

இங்கேதான் இயங்குதளக் கேள்வி உண்மையில் எழுகிறது, ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

லூப் நிரலில் ஒரு வேலை முடிந்தால்தான் அடுத்தது. டிஎஸ்18பி20 வெப்ப சென்சார் 12 பிட் துல்லியத்தில் அளக்க 750 மில்லிசெகண்ட் எடுக்கும். சிம் மாட்யூல் நெட்வொர்க் தேடும்போது பதிலுக்குப் பல நொடி காத்திருக்க வேண்டும். நடுநடுவே டிலே என்று எழுதிய காத்திருப்பு வேறு. அதற்குள் பட்டனை அமுக்கினால் யார் பார்ப்பது? பட்டன் போனால் போகிறது; போரில் தண்ணீர் வற்றி மோட்டார் வெறுமனே ஓடும்போது ட்ரை ரன் பாதுகாப்பு அந்த எஸ்எம்எஸ் போய்ச் சேரும்வரை காத்திருந்தால் என்ன ஆகும்? சப்மெர்சிபிளைக் கழற்றி மேலே ஏற்றுகிற செலவு எவ்வளவு என்று நம் பக்கம் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

முதல் திருத்தம், காத்திருப்பதை நிறுத்துவது. சென்சாருக்கு அளக்கச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், 750 மில்லிசெகண்ட் கழித்துப் போய்ப் படியுங்கள். சிம் மாட்யூலை நிலைகளாகப் பிரியுங்கள்: அனுப்பினேன், பதில் வரவில்லை, வந்தது, தோல்வி. லூப் ஒவ்வொரு சுற்றிலும் எந்த நிலை என்று பார்த்துவிட்டு நகர வேண்டும். இரண்டு மூன்று வேலை உள்ள கருவிக்கு இது போதும். இயங்குதளம் இல்லாத சி, அதன்மேல் ஒரு வாட்ச்டாக். ஸ்டார்டர் பெட்டிக்கு நான் முதலில் இதைத்தான் சொல்வேன். குறைந்த பாகம், குறைந்த பிழை.

நிலைகள் ஒன்றோடொன்று பின்னி, ஒரு வேலையைத் திருத்தினால் இன்னொன்று கெடுகிறது என்ற கட்டம் வந்தால் ஃப்ரீஆர்டாஸ். ரிச்சர்ட் பாரி தொடங்கியது, 2017 முதல் அமேசான் பொறுப்பில், எம்ஐடி உரிமத்தில் இலவசம். ஈஎஸ்பி32 வைத்திருப்பவர்கள் தெரியாமலே அதன்மேல்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அர்டுயினோ போர்வைக்குக் கீழே இருப்பது அதுவே. பாதுகாப்புக்கு உயர்ந்த முன்னுரிமையில் ஒரு டாஸ்க் (தனியாக ஓடும் வேலை), சிம்முக்குத் தாழ்ந்த முன்னுரிமையில் ஒன்று என்று பிரித்துவிட்டால் எஸ்எம்எஸ் எவ்வளவு நேரம் எடுத்தாலும் ட்ரை ரன் பாதுகாப்பு காத்திருக்காது. ஸெஃபிர் 2016-ல் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வந்தது. பல கம்பெனி சிப்புகளில் ஒரே நிரலை ஓட்ட வேண்டும், ப்ளூடூத் வேண்டும் என்றால் நல்லது. அதன் டிவைஸ் ட்ரீ (வன்பொருளை விவரிக்கும் கோப்பு), அமைப்புக் கோப்புகள் எல்லாம் பழகுவதற்கு நேரம் பிடிக்கும். ஒரு போர்டு, ஒரு பொருள் என்றால் அந்தச் சுமை எதற்கு?

ஆனால் நிகழ்நேர இயங்குதளம் வந்தால் அதற்கே உரிய புகார்களும் வரும்.

டாஸ்க் திடீரென்று செத்து, ஸ்டாக் கேனரி என்று செய்தி வந்தால் அந்த டாஸ்க்குக்குக் கொடுத்த ஸ்டாக் (தற்காலிக நினைவிடம்) போதவில்லை. தசம எண்ணை அச்சிடும் ஒரு வரியே நிறைய ஸ்டாக் தின்னும். மீதம் எவ்வளவு என்று சொல்லும் ஹை வாட்டர் மார்க் ஃபங்ஷனை அழைத்துப் பாருங்கள். கவனம்: மூல ஃப்ரீஆர்டாஸில் ஸ்டாக் அளவு வேர்டு (இங்கே 4 பைட்) கணக்கில், ஈஎஸ்பியின் பதிப்பில் பைட் கணக்கில். எஸ்டிஎம்32 உதாரணத்தில் இருந்த எண்ணை அப்படியே ஈஎஸ்பிக்குக் கொண்டுவந்தால் கால்வாசிதான் கிடைக்கும்.

5 மில்லிசெகண்ட் தூங்கு என்று சொல்லியும் டாஸ்க் தூங்காமல் சுற்றுகிறது, ஐந்து நொடியில் வாட்ச்டாக் கத்துகிறது என்றால் இயங்குதளம் நேரம் எண்ணும் துடிப்பான டிக்கைப் பாருங்கள். ஈஎஸ்பி தயாரிப்பாளரின் மென்பொருள் தொகுப்பான ஈஎஸ்பி-ஐடிஎஃப்-ன் இயல்பு 100 ஹெர்ட்ஸ், அதாவது டிக் ஒன்றுக்கு 10 மில்லிசெகண்ட். 5 மில்லிசெகண்ட் வகுத்தால் பூஜ்யம் டிக். அர்டுயினோ பதிப்பில் 1000 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே ஓடிய நிரல் இங்கே படுத்துக்கொள்ளும்.

உயர் முன்னுரிமை டாஸ்க்கே காத்துக் கிடக்கிறதா? முன்னுரிமை தலைகீழாகியிருக்கலாம். 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்துக்கு நடந்தது இதுதான். விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற நிகழ்நேர இயங்குதளத்தில் ஓடிய அதன் கணினி மறுபடி மறுபடி மறுதொடக்கம் ஆனது. வானிலைத் தரவு எடுக்கும் தாழ்ந்த டாஸ்க் ஒரு பூட்டைப் பிடித்திருக்க, நடுத்தர டாஸ்க்குகள் அதை ஓடவிடாமல் மறிக்க, அந்தப் பூட்டுக்காக உயர்ந்த டாஸ்க் நின்றுவிட, வாட்ச்டாக் இழுத்து மூடியது. பூட்டில் முன்னுரிமை வாரிசு முறையை (காத்திருக்கும் டாஸ்க்கின் முன்னுரிமையைப் பூட்டு வைத்திருக்கும் டாஸ்க்குக்குத் தற்காலிகமாகக் கொடுப்பது) பூமியிலிருந்தே இயக்கிவிட்டுத் தீர்த்தார்கள். ஃப்ரீஆர்டாஸில் மியூடெக்ஸ் என்ற பூட்டுக்கு அந்த வசதி உண்டு, சைகை காட்டும் பைனரி செமஃபோருக்குக் கிடையாது. பகிர்ந்துகொள்ளும் பொருளைப் பூட்ட பைனரி செமஃபோர் போட்டிருந்தால் மாற்றுங்கள்.

“மீட்டர் எண்ணிக்கை அப்பப்ப எகிறுது”

சொட்டு நீர்ப் பாசனத்தில் ஓட்டமானி. ஒய்எஃப்-எஸ்201 போன்றவை லிட்டருக்கு ஏறக்குறைய 450 துடிப்பு தரும், இன்டரப்ட்டில் (துடிப்பு வந்தவுடன் மற்ற வேலையை இடைமறித்து ஓடும் சிறு நிரல்) எண்ணுகிறோம். எப்போதாவது ஒரு முறை எண் தாறுமாறாகத் தாவும், அடுத்த முறை சரியாகிவிடும்.

இன்டரப்ட்டும் முதன்மை நிரலும் பகிரும் மாறிக்கு வாலடைல் என்ற குறிச்சொல் போட்டிருக்கிறதா? இல்லையென்றால் கம்பைலர் அதை ரெஜிஸ்டரிலேயே வைத்துக்கொண்டு புது மதிப்பைப் பார்க்காமலே போகலாம். பிழைதேடும் பயன்முறையில் ஓடியது, ஆப்டிமைஸ் செய்தவுடன் ஓடவில்லை என்றால் முதல் சந்தேகம் இதன்மேல். ஆனால் எண் தாவுவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு. 8 பிட் சிப் 32 பிட் எண்ணை நான்கு துண்டாகப் படிக்கிறது. இரண்டாவது துண்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே இன்டரப்ட் வந்து எண்ணை மாற்றிவிட்டால் பாதி பழசு, பாதி புதுசு. வாலடைல் இதைத் தடுக்காது. படிக்கும் அந்தக் கணம் மட்டும் இன்டரப்ட்டை மூடி, நகல் எடுத்துக்கொண்டு திறக்க வேண்டும்.

ரஸ்ட் உதவும் இடம் இதுதான். 2015-ல் 1.0 பதிப்பு வந்த மொழி. இரண்டு இடத்திலிருந்து பூட்டில்லாமல் ஒரே மாறியைத் தொட முயன்றால் கம்பைல் ஆகவே விடாது. எஸ்டிஎம்32, பிக்கோ இரண்டுக்கும் நல்ல ஆதரவு இருக்கிறது. பழைய ஈஎஸ்பி32-ன் எக்ஸ்டென்ஸா கோருக்குத் தனிக் கம்பைலர் நிறுவ வேண்டும். ரிஸ்க்-ஃபைவ் கோர் உள்ள ஈஎஸ்பி32-சி3-க்கு அந்தத் தொல்லை இல்லை. எனக்குப் பிடித்த மொழிதான். என்றாலும், உங்களுக்குப் பிறகு பர்கூரிலோ காவேரிப்பட்டணத்திலோ யார் அதைத் திறந்து திருத்துவார் என்று பதில் இருந்தால் மட்டும் வாடிக்கையாளர் கருவியில் போடுங்கள்.

“உரம் விடுற பம்பு திக்கித் திக்கிச் சுத்துது”

துடிப்புக்கு ஒரு படி நகரும் ஸ்டெப்பர் மோட்டாருக்குத் துடிப்பு அனுப்புவது பைத்தான், ஓடுவது லினக்ஸின்மேல். லினக்ஸ் எல்லா நிரலுக்கும் நியாயமாக நேரம் பங்கிடப் பார்க்கும். உங்கள் துடிப்புக்கு இந்த மைக்ரோசெகண்டில் வருவேன் என்று வாக்குக் கொடுக்காது. பைத்தான் தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கும். மைக்ரோபைத்தானிலும் நினைவகத்தில் சேர்ந்த குப்பையைக் கூட்டித் தள்ளும் வேலை நடுவில் வந்து சில மில்லிசெகண்ட் நிறுத்தும். இன்டரப்ட்டுக்குள் புது நினைவகம் கேட்கவும் விடாது.

பிரீயெம்ப்ட்-ஆர்டி எனும் நிகழ்நேரத் திருத்தம் 2024-ல் லினக்ஸ் 6.12-லேயே சேர்ந்துவிட்டது, இயக்கினால் தாமதம் வெகுவாகக் குறையும். ஆனாலும் துடிப்பை ஒரு பிக்கோவிடமோ ஈஎஸ்பியிடமோ விட்டுவிட்டு, “இருநூறு மில்லி விடு” என்று சீரியலில் சொல்வது எளிது, மலிவு. லினக்ஸ் படுத்தாலும் பம்பு பாதியில் திறந்தபடி நிற்காது.

இதற்கு நேர்மாறான இடம் புழு வளர்ப்பு மனை. சாக்கிப் பருவத்தில் (இளம்புழு நிலை) ஏறக்குறைய 27, 28 டிகிரியும் நல்ல ஈரப்பதமும் வேண்டும். டிஹெச்டி22 சென்சாரையே இரண்டு நொடிக்கு ஒரு முறைதான் படிக்க முடியும். அறையின் வெப்பம் நிமிடக் கணக்கில்தான் நகரும். இங்கே மைக்ரோபைத்தான் கனகச்சிதம். புழு வளர்ப்பவர் பருவத்துக்குப் பருவம் எண்ணை மாற்றச் சொல்வார். கம்பைல் செய்யாமல் ஒரு கோப்பைத் திருத்தினால் முடிந்தது. இதற்குப் போய் சி-யில் மல்லுக்கட்ட வேண்டாம்.

“வைஃபை வந்தா சென்சார் போயிடுது”

ஈஎஸ்பி32-ல் அனலாக் சிக்னலை எண்ணாக்கும் ஏடிசி பகுதிகள் இரண்டு; அவற்றில் ஏடிசி2 பின்களை வைஃபை ஓடும்போது அனலாகுக்குப் பயன்படுத்த முடியாது. ஏடிசி1-க்கு ஒயரை மாற்றுங்கள். அவ்வளவுதான்.

“பேட்டரி பத்து நாள்கூடத் தாங்கலை”

ஆழ்தூக்கத்தில் ஈஎஸ்பி32 சிப் 10 மைக்ரோஆம்பியர் அளவில்தான் குடிக்கும் என்று படித்துவிட்டு டெவலப்மென்ட் போர்டை அப்படியே மாட்டியிருப்பீர்கள். அதிலுள்ள ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் மட்டுமே சும்மா 5 மில்லிஆம்பியர் தின்னும். சிவப்பு எல்ஈடி, யூஎஸ்பி சிப் தனி. மொத்தம் 10 மில்லிஆம்பியர் என்றால் 2500 மில்லிஆம்பியர்-மணி செல் 250 மணி நேரத்தில் காலி. வெறும் மாட்யூல், குறைந்த குடிப்புள்ள ரெகுலேட்டர், தேவையில்லாதபோது சென்சார் மின்சாரத்தையே வெட்டும் மாஸ்ஃபெட் சுவிட்ச். இவற்றைச் செய்தபிறகும் போதவில்லை என்றால் வைஃபையை விட்டு, குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் போகும் லோரா ரேடியோவுக்கு வாருங்கள். நம் நாட்டில் அதற்கு 865–868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை உரிமமின்றிக் கிடைக்கிறது. இங்கே மொழி மாற்றிப் பயனில்லை. ஆனால் லினக்ஸ் போர்டைப் பேட்டரியில் மாதக்கணக்கில் ஓட்டலாம் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

“செஞ்சவரு ஊர்ல இல்ல, யாருக்கும் தொடத் தெரியல”

இதுவும் ஒரு பழுதுதான், மேலே சொன்ன எல்லாவற்றையும்விட அதிகம் வருவது. ஓசூர்ப் பக்கத்துப் பட்டறையில் இரவு ஷிஃப்ட் மெயின்டனன்ஸ் ஆள் லேடர் வரைபடத்தைப் பார்த்தால் எந்தத் தொடர்பு விழவில்லை என்று சொல்லிவிடுவார். சி++ கோப்பைக் கொடுத்தால் முதலாளிக்குப் போன் போடுவார். லேடர் உள்ளிட்ட மொழிகளுக்கு 1993-லேயே ஐஈசி 61131-3 என்று தரம் வந்துவிட்டது. இயந்திரம் நின்றால் ஒரு ஷிஃப்ட் போகும் என்ற இடத்தில் பிஎல்சியின் விலையைப் பார்த்துப் பின்வாங்குவது தவறான சிக்கனம்.

பழைய தொடுதிரைப் பேனல் அடிக்கடி தொங்கினால் அதற்குள் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். விண்டோஸ் சிஈ வழிவந்த எம்பெடட் காம்பாக்ட் 2013-க்கான ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்தது. அதன்மேல் புதிதாக எதையும் எழுத ஒப்புக்கொள்ளாதீர்கள். பேனலை மாற்றும் செலவை இப்போதே சொல்லி வையுங்கள்.

தூரத்திலிருந்து நிரல் மாற்றும் வசதி இல்லாத கருவியைப் பென்னாகரம் தாண்டி மாட்டாதீர்கள். ஈஎஸ்பி-ஐடிஎஃப்-ல் ஃபிளாஷை இரண்டு பகுதியாக்கி, புதியது ஒழுங்காக எழவில்லை என்றால் பழையதற்கே திரும்பும் ஏற்பாடு தயாராக இருக்கிறது, இயக்கினால் போதும். பிறகு, பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டுங்கள்: எந்தச் சிப், எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு, எந்தக் கம்பைலர், எந்தப் பின்னில் எந்த ஒயர், கடைசியாக மாற்றிய தேதி. பென்சிலில் எழுதுங்கள், இங்க் வெயிலில் வெளுத்துவிடும். மூலநிரலின் நகல் ஒன்றை வாடிக்கையாளரிடமே பென்டிரைவில் கொடுத்து, அது எங்கே இருக்கிறது என்பதையும் அதே தாளில் குறித்துவிடுங்கள்.